கை உயர்த்தாதவரின் வீட்டில்

லண்டனுக்கு வந்து பத்து வருடங்களுக்கு மேலாக நான் ரஷ்ய மொழியில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எண்பதுகளின் நடுவில் புலமைப்பரிசில் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து லெனின்கிராட்டுக்குப் போனவள் நான். முதல் வருடம் மொழி, பிறகு ஐந்து வருடம் இரசாயனப் பொறியியல். அந்தப் பட்டத்தை இங்கே யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்ததால் மறுபடியும் படிக்கவும் முடியவில்லை. கடைசியில் மேற்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில், வார்டு வார்டாகப் போய் நோயாளிகளிடம் இரத்தம் எடுக்கிற வேலை கிடைத்தது. பிடித்த வேலைதான். வீட்டுக்கு யாராவது வந்தால் என் கணவர், "இவ ரஷ்யாவில படிச்சவ" என்று சொல்லுவார். வந்தவர்கள் "அப்பிடியோ" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்கள்.

ஊரில் சமாதானப் பேச்சுவார்த்தைக் காலம் தொடங்கியிருந்த ஒரு குளிர்காலத்தில், பக்கவாத வார்டுக்கு ஒரு காலை போனேன். சன்னலோரக் கட்டிலில் எழுபது தாண்டிய வெள்ளைக்காரர் ஒருவர் படுத்திருந்தார். வலது கை போர்வைக்கு மேல் அசையாமல் கிடந்தது. இடது கையைப் பிடித்து நரம்பைத் தேடினேன். அவர் வாய்க்குள் ஏதோ சொன்னார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர், "மன்னித்துக்கொள்ளுங்கள், அவர் இப்போது ரஷ்ய மொழிதான் பேசுகிறார், எனக்கே புரிவதில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

எனக்குப் புரிந்துவிட்டது. "கொஞ்சம் பொறுங்கள், நான் தயாராகவில்லை" என்றுதான் அவர் சொன்னார்.

"சரி, பொறுக்கிறேன். தயாரானதும் சொல்லுங்கள்," என்று ரஷ்ய மொழியில் சொன்னேன். என் நாக்கு துருப்பிடித்த பூட்டுப் போலத்தான் திறந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"அவர் என்ன சொன்னார்? நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

சொன்னேன். அந்த அம்மா கட்டிலைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன்னர் ஆஸ்பத்திரி இரண்டு தரம் மொழிபெயர்ப்பாளரை அழைத்திருந்தது, ஆனால் அது டாக்டர்களுடைய கேள்விகளுக்கு மட்டும். அந்த அம்மாவுக்குக் கேட்க வேண்டியது வேறு. "இரவில் குளிர்கிறதா என்று கேளுங்கள்," என்றார். "நான் போனபிறகு பயப்படுகிறாரா என்று கேளுங்கள்."

அவர்கள் கணவன் மனைவி. அவர் ரஷ்யர், தத்துவம் படித்தவர், நாட்டைவிட்டு அனுப்பப்பட்டு லண்டனுக்கு வந்தவர். அம்மா ஆங்கிலேயர், பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கணவர் மாலை வகுப்பு எடுத்த கல்லூரி ஒன்றில் சந்தித்து, ஐம்பதாவது வயதில் கல்யாணம் செய்திருக்கிறார்கள். இருபது வருட வாழ்க்கையும் ஆங்கிலத்திலேயே நடந்தது. சண்டை, சமையல், பகிடி எல்லாம் ஆங்கிலத்தில். வீட்டில் ரஷ்ய மொழி வேண்டாம், அதில் தனக்குக் கெட்ட கனவுகள்தான் வருகின்றன என்று அவரே சொல்லியிருந்தாராம். பக்கவாதம் அந்த ஆங்கிலத்தை அழித்துவிட்டது. பிந்திப் படித்த மொழி போய், முதலில் படித்த மொழி மிஞ்சுவது சிலருக்கு நடக்கிறதுதான் என்று பேச்சுப் பயிற்சியாளர் விளங்கப்படுத்தினார். ஆங்கிலத்தைக் கேட்டால் எப்படி இருக்கிறது என்று நான் ஒருநாள் அவரிடம் கேட்டேன். "பக்கத்து வீட்டு ரேடியோவில் தெரிந்த பாட்டுப் போகிற மாதிரி. மெட்டுத் தெரிகிறது, சொல் பிடிபடவில்லை," என்றார்.

அவர் வீடு திரும்பியபிறகு, வியாழக்கிழமைகளில் வர முடியுமா என்று அம்மா கேட்டார். வேலை முடிந்ததும் 207 பஸ் பிடித்து அக்டனில் இறங்குவேன். வரிசை வீடுகள் உள்ள ஒரு தெருவில், மேல்மாடியில் அவர்கள் இருந்தார்கள். படிகள் ஒடுக்கம். முன்னறையில் ஒரு பியானோ, சுவர் முழுக்கப் புத்தகம், சன்னலோரம் அவருடைய நாற்காலி. நான் இருவருக்கும் நடுவில் ஒரு ஸ்டூலில் உட்காருவேன்.

முதல் வியாழன் எனக்குக் கூச்சமாக இருந்தது. மொழிபெயர்க்கிறவர் "அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது, பேசுகிறவராகவே பேச வேண்டும் என்று அம்மா எங்கேயோ விசாரித்து வைத்திருந்தார். அதனால் அவர் மெல்லச் சொல்லச் சொல்ல, நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து, "நீ என்னை முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவாய் என்று பயந்துகொண்டிருந்தேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மா எனக்குத்தான் பதில் சொன்னார், கண் மட்டும் அவர் மேல் இருந்தது. "முட்டாள். கட்டிலை இந்த அறைக்குக் கொண்டுவர ஆள் பிடித்தாயிற்று." அந்த "முட்டாள்" என்ற சொல்லை நான் ரஷ்ய மொழியில் அவரிடம் சொன்னபோது அவர் பக்கவாதத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தார் என்று அம்மா சொன்னார்.

இன்னொரு நாள் அம்மா ஒரு கேள்வி கேட்டார். ரஷ்ய மொழியில் ஒருவரை அழைக்க இரண்டு சொல் இருக்கிறதாமே, மரியாதைக்கு ஒன்று, நெருக்கத்துக்கு ஒன்று. அவர் தன்னை எதில் அழைக்கிறார்? தமிழ்ப் பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆங்கிலத்தில் அந்த அம்மாவுக்கு இருபது வருடமும் ஒரே சொல்தான் கிடைத்திருக்கிறது. "நீ என்றுதான் அழைக்கிறார். முதல் நாளிலிருந்தே," என்றேன். அம்மா எழுந்துபோய்க் கேத்தலை அடுப்பில் வைத்தார்.

அவருடைய வாழ்க்கை எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. அம்மாவுக்குப் பாதி தெரியும், மீதியை அவரும் என் வாயால்தான் முதல்முறை கேட்டார்.

இரண்டாம் உலகப்போரில் லெனின்கிராட்டை முற்றுகையிட்ட காலத்துப் பசியில் தப்பிய பிள்ளை அவர். உறவென்று தாய் மட்டும். தத்துவம் படித்து, லெனின்கிராட்டில் ஒரு கல்வி நிறுவனத்தில் அறவியல் படிப்பித்தார். தடைசெய்யப்பட்ட எழுத்துகளின் தட்டச்சுப் பிரதி வைத்திருந்ததாக அங்கே ஓர் இளம் ஆசிரியையைப் பிடித்தார்கள். அவரை நீக்கக் கூட்டம் போட்டார்கள். எல்லாரும் கை உயர்த்தினார்கள். இவர் உயர்த்தவில்லை.

"எதிர்ப்பா, நடுநிலையா என்று தலைவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். யோசிக்க நேரம் வேண்டும் என்றேன். எதிர்ப்பு என்று சொல்லியிருந்தால் அவருக்குப் படிவத்தில் எழுத ஒரு கட்டம் இருந்தது. யோசிக்க வேண்டும் என்பதை எழுதக் கட்டம் இல்லை. அதுதான் அவர்களுக்குக் கோபம்."

அடுத்த கூட்டம் இவரைப் பற்றியது. அங்கே முதலில் எழுந்து இவருக்கு எதிராகப் பேசியவர், மாணவர் காலத்திலிருந்து இவருடைய உயிர்ச் சிநேகிதர். வேலை போனது. ஒரு பொதுக் குளிப்புக் கட்டடத்தின் கொதிகலன் அறையில் நெருப்புப் பார்க்கிற வேலைதான் கிடைத்தது. அந்தச் சூட்டில் உட்கார்ந்து அவர் எழுதினார். எழுதியதெல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான். அதிகாரம் ஏன் எப்போதும் அவசரப்படுத்துகிறது? உடனே கை தூக்கு, உடனே ஒப்பமிடு என்று ஏன் கேட்கிறது? தயங்குகிற மனிதனிடத்தில்தான் சுதந்திரம் தொடங்குகிறது என்பது அவருடைய வாதம். கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்து கைமாறிப்போன அந்தக் கட்டுரைகளுக்காக விசாரணை, பிறகு மனநோய் ஆஸ்பத்திரி, ஊசிகள். வெளியே விட்டபோது நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள். போனவருடைய குடியுரிமையையும் பறித்தார்கள். லண்டனில் ஒரு சிறிய பதிப்பகம் அவருடைய புத்தகத்தைப் போட்டது. "வாசித்தவர்கள் எல்லாரையும் இந்த அறையில் இருத்தலாம். பியானோவை மட்டும் வெளியே எடுக்க வேண்டும்," என்றார்.

நான் லெனின்கிராட்டுக்குப் போனபோது அவர் வெளியேறிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. எங்களுக்குத் தத்துவம் கட்டாயப் பாடம். பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்த வரிகளில் சிலதை அவருக்குச் சொல்லிக் காட்டினேன். அவர் தலையாட்டி ரசித்தார். "உச்சரிப்பு நல்லது," என்றார். தன் வலது கையைப் பார்த்து ஒருநாள் சொன்னார்: "அன்றைக்கு நான் தூக்கமாட்டேன் என்றேன். இன்றைக்கு இது தானே தூக்கமாட்டேன் என்கிறது." இதை அம்மாவுக்கு மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. "சொல்லுங்கள், அவள் சிரிப்பாள்," என்றார். அம்மா சிரிக்கத்தான் செய்தார்.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அந்தப் பழைய சிநேகிதர் லண்டனில் இருக்கிற மகளைப் பார்க்க வந்திருக்கிறாராம். வந்து பார்க்கலாமா என்று மகள் ஆங்கிலத்தில் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். நான் போனபோது வீட்டில் புயல்.

"அந்த ஆள் என் படியில் கால் வைக்கக்கூடாது," என்று அம்மா சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன்.

"இது என் படியும்தான்," என்று அவர் சொன்னதை நான் அம்மாவுக்குச் சொன்னேன்.

இப்படி ஒரு மணித்தியாலம். இரண்டு பேருடைய கோபத்தையும் நான் ஒருத்தியே கோபப்பட்டுத் தீர்க்க வேண்டியிருந்தது. முடிவில் அம்மா இறங்கி வந்தார். வரட்டும், ஆனால் தானும் உட்கார்ந்திருப்பேன், ஒரு சொல் விடாமல் தனக்குச் சொல்ல வேண்டும், வந்தவருக்குத் தேநீர் கொடுக்கமாட்டேன் என்றார்.

அந்தச் சிநேகிதர் பழைய சூட் போட்டு, கேக் பெட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். மெலிந்த, உயரமான கிழவர். பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். காலநிலை பற்றிப் பேசினார்கள். இறந்துபோனவர்களைப் பற்றிப் பேசினார்கள். பொறுக்கமாட்டாமல் அம்மா நடுவில் கேட்டார்: "அன்றைக்கு ஏன் நீங்கள் முதலில் எழுந்தீர்கள்?"

நான் அதை ரஷ்ய மொழியில் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"முதலில் பேசுகிறவன் குறைவாகத் திட்டினால் போதும். பிறகு பேசுகிறவர்கள்தான் அதைவிடக் கூட்டித் திட்ட வேண்டும். அதனால் நான் முந்திக்கொண்டால் இவனுக்குச் சேதம் குறையும் என்று கணக்குப் போட்டேன்."

"அப்படியா பேசினீர்கள்?"

"இல்லை. எழுந்ததும் பயம் பிடித்துவிட்டது. எல்லாரையும்விட மோசமாக நான்தான் பேசினேன்."

மொழிபெயர்த்து முடித்தேன். தத்துவவாதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிக மெதுவாக, நின்று நின்று கேட்டார்.

"நான் ஊசி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, மாதாமாதம் யாரோ என் அம்மாவின் கதவடியில் ஒரு பை வைத்துவிட்டுப் போனார்கள். மாவு, சீனி, அவவுடைய இருதய மருந்து. அம்மா கடைசிவரை யாரென்று அறியவில்லை. இத்தனை வருடமும் அது நீ என்று நினைத்திருந்தேன். நீதானா?"

வந்தவர் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார். ஆம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். சொல்லியிருந்தால் அந்த அறையில் யாராலும் மறுத்திருக்க முடியாது.

"நான் என்று சொல்ல எனக்கு ஆசை," என்றார். "நான் இல்லை. அந்தத் தெருவுக்கே நான் போகவில்லை."

தத்துவவாதி தலையை ஆட்டினார். "உண்மையைச் சொன்னாய். நன்றி," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அப்படியானால் எனக்கு நல்லது செய்தவர்களில் இன்னும் ஒரு ஆள் கூடிவிட்டார். யாரென்றுதான் தெரியவில்லை," என்றார்.

இதை அம்மாவுக்கு ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் நான் இரண்டு தரம் நிறுத்த வேண்டியிருந்தது. அம்மா குசினிக்குள் போனார். பாத்திரச் சத்தம் கேட்டது. நாலு கோப்பை தேநீரோடும் கத்தியோடும் வந்து, அந்தக் கிழவரின் மடியிலிருந்த பெட்டியை வாங்கிக் கேக்கை வெட்டினார்.

அந்த வருடம்தான் எங்களுடைய சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிரச்சினை. ஊரில் பிள்ளைகளைப் போருக்குச் சேர்ப்பது பிழை என்று ஓர் ஆசிரியர் யாரோ வீட்டு விசேஷத்தில் சொல்லிவிட்டார். அதற்காக அவரை நிறுத்த வேண்டும் என்று பெற்றோர் கூட்டம் போட்டார்கள். "ஆதரிக்கிறவை கையைத் தூக்குங்கோ," என்றார்கள். மண்டபம் முழுக்கக் கைகள். என் கை மேசைக்குக் கீழே இருந்தது. பக்கத்தில் இருந்தவர், "ஏன் அக்கா, எதிர்ப்போ?" என்று கேட்டார். "எனக்கு யோசிக்க நேரம் வேணும்," என்றேன். ஆசிரியரை நிறுத்திவிட்டார்கள்.

காரில் என் கணவர் கேட்டார்: "உமக்கு ஏன் இந்தத் தேவையில்லாத வேலை? எல்லாரும் தூக்கேக்க தூக்கிப்போட்டு வரவேண்டியதுதானே. இப்ப என்னத்தை யோசிக்கப் போறீர்?"

"அது எனக்கும் தெரியேல்லை. அதுதான் நேரம் கேட்டனான்."

அவர் ரேடியோவைப் போட்டார்.

வியாழக்கிழமை இதைத் தத்துவவாதியிடம் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன். அவர் கேட்டதோ வேறு. "அந்த ஆசிரியர் இப்போது எப்படி இருக்கிறார்? போய்ப் பார்த்தீர்களா?"

"இல்லை."

"என்னை நீக்கியபிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு மாதமாக யாரும் வரவில்லை. கை தூக்காத இரண்டொருவர்கூட வரவில்லை. கொதிகலன் அறையில் என்னோடு வேலை செய்த ஒரு பெண்தான் முதலில் வந்தாள். முட்டைக்கோவா சூப் கொண்டு வந்தாள். என் புத்தகத்தில் அவளைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. கை தூக்காததைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்துவிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மீன் ரோல்ஸ் செய்தேன். எங்கே போகிறீர் என்று கணவர் கேட்டார். சொன்னேன். அவர் கார்த் திறப்புக் கொத்தைத் தேடினார். "பஸ்ஸில சூடு ஆறிப்போகும். நானும் வாறன்," என்றார். ஆசிரியருடைய மனைவி கதவைச் சங்கிலி போட்டபடி திறந்து எங்களைப் பார்த்தார். பிறகு சங்கிலியைக் கழற்றினார். நாங்கள் அங்கே அரசியல் ஒன்றும் பேசவில்லை. அவர்களுடைய மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினோம். என் கணவரும் அந்த ஆசிரியரும் இன்றைக்கும் கோயில் தேருக்கு வெஸ்ட் ஈலிங்குக்குச் சேர்ந்துதான் போகிறார்கள்.

இதற்கிடையில் அம்மா ஒரு மாலை வகுப்பில் ரஷ்ய மொழி படிக்கத் தொடங்கியிருந்தார். எழுபது வயதில் எழுத்துக்கூட்டி வாசித்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் விகுதி மாறிப்போகும். கணவரை "நல்ல பெண்" என்று அழைத்துவிடுவார். அவருக்கும் ஆங்கிலம் ஒன்றிரண்டு சொல்லாகத் திரும்பி வந்தது. முதலில் வந்தவை வசைச்சொற்கள்தான். ஒரு வியாழன் நான் படியேறும்போதே உள்ளே இருவரும் பேசுவது கேட்டது. பாதி அந்த மொழி, பாதி இந்த மொழி, நடுவில் சைகை. நான் வழக்கம்போல ஸ்டூலை இழுத்தேன்.

"இன்றைக்கு அது வேண்டாம்," என்றார் அவர். "மேசையில் வந்து இருந்து சாப்பிடுங்கள்."

அன்று நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை. அவர்கள் பிழை பிழையாகப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு சாப்பிட்டேன். எனக்கு வேலை போனதில் கவலையும் இருந்தது, சந்தோஷம்தான் கூட இருந்தது.

அம்மா தூண்டியதால் நான் மொழிபெயர்ப்பாளர் பரீட்சை எழுதினேன். வாய்மொழிப் பரீட்சைக்குத் தத்துவவாதிதான் என்னைத் தயார்ப்படுத்தினார். நோயாளியாக நடித்து, வேண்டுமென்றே முணுமுணுத்து, என்னைப் பாடாய்ப் படுத்தினார். தேறிவிட்டேன். இரத்தம் எடுக்கிற வேலையை விட்டு, ஆஸ்பத்திரிகளிலும் கவுன்சில் அலுவலகங்களிலும் ரஷ்ய மொழிக்கும் தமிழுக்கும் மொழிபெயர்ப்பாளராகப் போகத் தொடங்கினேன். வீண் என்று நான் மூடிவைத்த ஆறு வருடங்களை எனக்குத் திருப்பித் தந்தவர்கள் அவர்கள் இருவரும். அதை நான் தத்துவவாதியிடம் சொன்னபோது, "நீங்கள்தானே முதல் நாள் பொறுத்தீர்கள்," என்றார்.

அதற்கு அடுத்த வசந்தத்தில், காலைத் தேநீருக்குப் பிறகு நாற்காலியிலேயே அவர் போய்விட்டார். அடக்கத்துக்கு அதிகம் பேர் இல்லை. மாலை வகுப்பு மாணவர்கள் சிலர், பழைய சிநேகிதரின் மகள், நானும் என் கணவரும். அம்மா ரஷ்ய மொழியில் இரண்டு வரி பேசினார். விகுதி பிழையாக வந்தது. யாரும் திருத்தவில்லை.

வியாழக்கிழமைகளை நாங்கள் விடவில்லை. ஈலிங் பிராட்வேயில் ஒரு காப்பிக்கடையில் சந்திக்கிறோம். அம்மாவுக்கு இந்த மொழி பேச வேறு ஆள் இல்லை, எனக்கும் வேலைக்கு வெளியே அதைப் பேச ஆள் இல்லை. ஒரு ஆங்கிலேயக் கிழவியும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணும் ரஷ்ய மொழியில் விலைவாசியைப் பற்றிப் பேசுவதைப் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். போன மாதம் அவர் என்னை "நீங்கள்" என்பதை விட்டு "நீ" என்று அழைத்தார். தெரிந்துதான் சொன்னாரா, பிழையாக வந்ததா என்று நான் கேட்கவில்லை. நானும் "நீ" என்றே பதில் சொன்னேன். இன்னொரு தேநீர் எடுப்போமா என்று கேட்டார். எடுத்தோம்.